புஸ்தகப் பூட்டின் சாவி யாரிடம்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



மின்புத்தகங்களைப் பற்றியும், அவற்றைப் பிரசுரகர்த்தர்கள் தாங்களே நேராக வாசகர்களுக்கு விற்பதில் உள்ள கஷ்டங்களைப் பற்றியும் பேச வேண்டும் என்று நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் காலேஜில் படித்து இந்தச் சங்கதியைத் தெரிந்துகொண்டவர்களல்ல. புஸ்தகம் வாங்கிப் படித்தும், புஸ்தகம் போட்டு விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். ஆகையால் நாம் சொல்லுவதில் உங்கள் புத்திக்குப் பொருந்தாதது ஏதாவது இருந்தால், சும்மா தலையை ஆட்டிவிட்டுப் போகாமல் சீட்டு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

முதலில் பூட்டு என்றால் என்ன என்று பார்ப்போம். கடையில் ஒரு காகிதப் புஸ்தகம் வாங்குகிறீர்கள். காசு கொடுத்தீர்கள், புஸ்தகம் உங்களுடையது. படிக்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், பழைய புஸ்தகக் கடையில் போடலாம், பெட்டியில் வைத்து இருபது வருஷம் கழித்துப் பேரனுக்கு எடுத்துக் கொடுக்கலாம். விற்றவன் வந்து "என்ன செய்தாய்?" என்று கேட்க முடியாது. மின்புத்தகத்திலோ அப்படியல்ல. எழுத்துக்களையெல்லாம் ரகசியக் குறிகளாகக் குழப்பி வைத்து, இன்ன கம்பெனியின் கருவியில், இன்ன பெயரில் பதிவு செய்துகொண்டவன் திறந்தால் மாத்திரம் ஒழுங்காகத் தெரியும்படி செய்துவிடுகிறார்கள். இதற்கு டி.ஆர்.எம். என்று பெயர். தமிழில் சொன்னால் "டிஜிட்டல் உரிமை நிர்வாகம்". பெயர் என்னமோ நன்றாகத்தான் இருக்கிறது. யாருடைய உரிமையை யார் நிர்வாகம் செய்கிறார்கள் என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இந்தப் பூட்டு எதற்கு என்று கேட்டால், திருட்டைத் தடுப்பதற்கு என்கிறார்கள். இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடப் போவதில்லை. எழுதுகிறவன் சாப்பிட வேண்டும். அச்சுக் கோர்ப்பவனுக்குக் கூலி வேண்டும். பிழை திருத்துகிறவனுக்கும் பிள்ளை குட்டி உண்டு. ஒருவன் உழைப்பை மற்றொருவன் காசில்லாமல் வாரிக்கொண்டு போவது நியாயம் என்று நாம் சொல்ல வரவில்லை. நம்முடைய கேள்வியெல்லாம், இந்தப் பூட்டு அந்தத் திருட்டைத் தடுக்கிறதா என்பதுதான்.

ஒரு உதாரணம் பாருங்கள். ஹாரி பாட்டர் என்ற கதைப் புஸ்தகத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் ஏழாவது பாகம் 2007 ஜூலையில் வெளிவந்தது. மின்புத்தகமாக அல்ல, வெறும் காகிதப் புஸ்தகமாக. அந்த ஆசிரியை 2012 மார்ச் வரையில் ஹாரி பாட்டரை மின்புத்தகமாக விற்கவே இல்லை. ஆகவே உடைப்பதற்குப் பூட்டும் இல்லை, திருடுவதற்கு மின்புத்தகமும் இல்லை. அப்படியிருக்க நடந்ததென்ன? அச்சுப் பிரதி கடைக்கு வருவதற்கு முன்பே எவனோ ஒருவன் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். எங்கேயாவது ஒருவன், ஒரே ஒருவன், ஒரு தரம் நகல் எடுத்துவிட்டால் போதும். அதற்குப்பின் திருட்டு நகலைப் படிக்கிறவனுக்கு எந்தப் பூட்டும் குறுக்கே நிற்பதில்லை. அவன் பூட்டைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. பூட்டோடு மல்லுக்கட்டுகிறவன் யார் என்றால், காசு கொடுத்து ரசீது வாங்கினவன்தான். யோக்கியனுக்கு விலங்கு போட்டுவிட்டுத் திருடனைத் தடுத்துவிட்டதாகச் சொல்லுவது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

இனி, ஒரு சிறு பிரசுரகர்த்தர் கடைக்காரனுக்குத் தரகு கொடுக்காமல் தாமே நேராக விற்கலாம் என்று புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும் வேண்டும் என்கிறார். பூட்டுக்கு அவர் எங்கே போவார்? தாமே செய்ய முடியாது. அடோபி போன்ற ஒரு பெரிய கம்பெனியிடம் போய் வாடகைக்கு வாங்க வேண்டும். அதற்கு ஒரு செலவு. வாசகன் படும் பாடு அதைவிட வேடிக்கை. பணம் கட்டினவுடன் அவனுக்குக் கிடைப்பது புஸ்தகம் அல்ல, ஒரு சிறு சீட்டுக் கோப்பு. அந்தச் சீட்டைத் திறப்பதற்கு அடோபியின் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் இறக்க வேண்டும். அடோபியிடம் பெயர் பதிய வேண்டும். கம்ப்யூட்டரை அந்தப் பெயரோடு சேர்த்து முத்திரை குத்த வேண்டும். அதன் பிறகே புஸ்தகம் வந்து இறங்கும். படிக்கும் கருவிக்கு மாற்ற வேண்டுமானால் அதற்கும் அதே முத்திரை. இத்தனை கருவிகளுக்குத்தான் என்று கணக்கும் உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு நண்பர், பள்ளிக்கூட உபாத்தியாயர், இப்படித்தான் ஒரு பிரசுரக் கம்பெனியிடம் நேராக ஒரு புஸ்தகம் வாங்கினார். சீட்டுக் கோப்பை அழுத்தினால் "திறக்க முடியாது" என்று வந்தது. கம்பெனிக்கு எழுதினார், அவர்கள் அடோபியைக் கேள் என்றார்கள். மூன்றாம் நாள் எப்படியோ திறந்தது. ஆனால் அதற்குள் அவருக்குப் புஸ்தகத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அவர் சொன்ன வார்த்தை இன்னும் நமக்கு ஞாபகம் இருக்கிறது: "திருட்டுப் பிரதி எடுத்திருந்தால் முதல் நாளே படித்திருப்பேன்." கம்பெனிக்காரரைச் சொல்லுங்கள், அவர் தான் என்ன செய்வார்? ஒரு புஸ்தகத்தில் கிடைக்கும் சொற்ப லாபம், இப்படிப்பட்ட இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் வைப்பதிலேயே போய்விடும். இவ்வளவு தொல்லையும் இல்லாமல் ஒரே அழுத்தலில் பெரிய கடையில் புஸ்தகம் கிடைக்கும்போது வாசகன் எங்கே போவான்? பூட்டானது திருடனை விரட்டுவதற்குப் பதிலாகச் சொந்த வாடிக்கைக்காரனைப் பெரிய கடைக்கு விரட்டிக்கொடுக்கிறது.

ஆனால் தோழர்களே! இதெல்லாம் சில்லறைத் தொல்லை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதாவது, பூட்டு ஒருவருடையது, சாவி மற்றொருவருடையது என்பதுதான்.

அமேசான் கம்பெனி 2007 நவம்பரில் கிண்டில் என்ற கருவியை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. பெரிய பிரசுரகர்த்தர்கள் எல்லாரும் "எங்கள் புஸ்தகங்களைப் பூட்டித்தான் விற்க வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். அமேசானும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டது. ஏன் ஒப்புக்கொள்ளாது? கிண்டில் திறக்கும் பூட்டை அமேசான் மாத்திரமே போட முடியும். பூட்டிய புஸ்தகத்தைக் கிண்டில் வைத்திருப்பவனுக்கு விற்க வேண்டுமானால் அமேசான் வழியாகத்தான் விற்க முடியும். பிரசுரகர்த்தர் தம் சொந்தக் கடையில் பூட்டோடு விற்றால் கிண்டில் அதைத் திறக்காது. பூட்டில்லாமல் விற்றாலோ, வாசகன் அதைத் தபாலில் அனுப்புவது போல் தன் கிண்டிலுக்கு அனுப்பிப் படித்துக்கொள்ளலாம். ஆகப் பூட்டு வேண்டும் என்று கேட்டவர்கள், தங்கள் வாசகர்களைப் பட்டியில் அடைத்துப் பட்டியின் திறவுகோலை அமேசான் கையில் கொடுத்துவிட்டார்கள். நூறு புஸ்தகம் அங்கே வாங்கினவன் வேறு கருவிக்கு மாறினால் அந்த நூறையும் இழக்க வேண்டும். ஆகவே மாற மாட்டான். அவன் மாறாதவரையில் பிரசுரகர்த்தரும் மாற முடியாது.

இதன் பலன் வெகு சீக்கிரமே தெரிந்தது. 2010 ஜனவரி கடைசியில் மாக்மில்லன் கம்பெனிக்கும் அமேசானுக்கும் மின்புத்தக விலையைப் பற்றித் தகராறு வந்தது. உடனே அமேசான் மாக்மில்லன் புஸ்தகங்களை வாங்கும் பொத்தானையே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. மின்புத்தகம் மட்டுமல்ல, காகிதப் புஸ்தகத்திற்கும் அதே கதி. சுமார் ஒரு வாரம் இப்படி நடந்தது. பிறகு 2014-இல் ஹாஷெட் கம்பெனியோடு சண்டை. மே மாதம் முதல் நவம்பர் வரையில் நடந்த அந்தச் சண்டையில், ஹாஷெட் புஸ்தகங்கள் வர வாரக்கணக்கில் ஆகும் என்று கடையில் போட்டார்கள், முன்பதிவு வாங்க மறுத்தார்கள். அப்போது ஹாஷெட் தன் கிண்டில் வாசகர்களைப் பார்த்து, "அங்கே போகாதீர்கள், நம்மிடமே நேராக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாமே? சொல்ல முடியவில்லை. ஏனென்றால் தன் மின்புத்தகங்களைப் பூட்டி விற்பதென்று தானே தீர்மானம் செய்து வைத்திருந்தது! எதிரியின் கையில் தடியைக் கொடுத்துவிட்டு அடிக்கிறானே என்று அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

சிறு புஸ்தகக் கடைக்காரர்கள் சிலருக்கு இந்தச் சூட்சுமம் புரிந்தது. 2013 பிப்ரவரியில் அமெரிக்காவில் மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து, இந்தப் பூட்டு எங்களை வியாபாரத்திலிருந்து ஒதுக்குகிறது என்று அமேசான் மீதும் பெரிய பிரசுரகர்த்தர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது.

இதில் பரிதாபம் என்னவென்றால், இதே பாடத்தைப் பாட்டுக் கம்பெனிகள் இதற்கு முன்பே படித்து முடித்திருந்தன. ஆப்பிள் கம்பெனி 2003-இல் பாட்டுக் கடை திறந்தபோது பாட்டுக் கம்பெனிகளும் பூட்டு கேட்டன. ஆப்பிளின் பூட்டு ஆப்பிளின் ஐபாடில்தான் திறக்கும். சில வருஷங்களில் பாட்டுக்கு விலை வைக்கிறவன் ஆப்பிள் என்றாகிவிட்டது. விழித்துக்கொண்ட கம்பெனிகள் என்ன செய்தன? 2007-இல் ஈ.எம்.ஐ. கம்பெனி முதலில் பூட்டைக் கழற்றியது. அதே வருஷம் அமேசான் பூட்டில்லாத பாட்டுக் கடை திறந்தது. 2009-இல் ஆப்பிள் கடையிலும் பாட்டுக்குப் பூட்டு ஒழிந்தது. அதாவது, ஆப்பிளின் பிடியிலிருந்து தப்புவதற்காகப் பாட்டுக்காரர்கள் பூட்டைக் கழற்றிய அதே வருஷத்தில், புஸ்தகக்காரர்கள் அமேசானிடம் போய்ப் பூட்டு மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் கூரை எரிவதைப் பார்த்துக்கொண்டே தன் கூரையில் பந்தம் சொருகுவது என்பது இதுதான்.

பூட்டைக் கழற்றினால் குடி முழுகிவிடுமோ என்று கேட்பீர்கள். கழற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விஞ்ஞானக் கதைகள் வெளியிடும் பேய்ன் என்ற அமெரிக்கக் கம்பெனி 1999 முதலே பூட்டில்லாமல் நேராக வாசகர்களுக்கு விற்று வந்திருக்கிறது. சில புஸ்தகங்களை இனாமாகவும் கொடுத்தார்கள். இனாமாகப் படித்தவன் அடுத்த பாகத்தைக் காசு கொடுத்து வாங்க வருவான் என்பது அவர்கள் கணக்கு. மாக்மில்லனைச் சேர்ந்த டோர் என்ற பிரிவு 2012-இல் தன் மின்புத்தகங்கள் எல்லாவற்றிலிருந்தும் பூட்டை எடுத்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து இங்கிலாந்திலுள்ள டோர் கிளை, திருட்டு கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் அதிகப்படவில்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. எந்த டோர் வாசகனும் எந்தக் கருவியிலும் படிக்கலாம் என்றாயிற்று.

ஆனால் எதிர்ப்பக்கத்துச் சங்கதியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொழில்நுட்பப் புஸ்தகங்கள் வெளியிடும் ஓரெய்லி கம்பெனி நெடுநாள் பூட்டில்லாமல் நேராக விற்று நல்ல பேர் எடுத்தது. அப்படியிருந்தும் 2017 ஜூனில் தன் இடத்தில் தனித்தனிப் புஸ்தகமாக விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தா முறையில் முழு கவனத்தையும் செலுத்தப் போய்விட்டது. ஆகையால் பூட்டைக் கழற்றின மாத்திரத்தில் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூட்டைக் கழற்றுவதால் கிடைப்பது தன் வாசகனிடம் தானே போகக்கூடிய வழி ஒன்றுதான். அந்த வழியில் நடப்பதும் நடக்காததும் அவரவர் சாமர்த்தியம்.

இதுவரை விற்பவன் கதை. படிப்பவன் கதை இதைவிட மோசம். 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984" என்ற புஸ்தகத்தையும் "விலங்குப் பண்ணை" என்ற புஸ்தகத்தையும் விலை கொடுத்து வாங்கியவர்களுடைய கிண்டில்களிலிருந்து, அமேசான் கேளாமல் கொள்ளாமல் அழித்துவிட்டது. அதை விற்ற கம்பெனிக்கு உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், தலைவர் பிற்பாடு மன்னிப்பும் கேட்டார். அது வேறு விஷயம். காகிதப் புஸ்தகமாயிருந்தால் உங்கள் வீட்டுக் கதவை உடைத்துத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அரசாங்கமே வேண்டாத எழுத்தையெல்லாம் ஒரு பொந்தில் போட்டுக் கொளுத்துவதைப் பற்றிச் சொல்லும் புஸ்தகம் அந்த "1984"! இதை நாம் கற்பனை செய்து சொல்லியிருந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

மைக்ரோசாப்ட் கம்பெனி மின்புத்தகக் கடை வைத்திருந்தது. 2019 ஏப்ரலில் கடையை மூடுகிறோம் என்றது. ஜூலை முதல் விற்ற புஸ்தகங்கள் எல்லாம் திறக்காமல் போய்விட்டன. பணம் திரும்பக் கிடைத்தது. கடைக்காரன் கடையைக் கட்டினால் நாம் வாங்கின புஸ்தகமும் கூடவே போய்விடும் என்ற விசித்திரத்தை இதற்குமுன் உலகம் கண்டதுண்டா? 2009-இல் கிண்டில் புஸ்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும் வசதி வந்தபோது, ஆசிரியர் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள் என்பதற்காக, பிரசுரகர்த்தர் விரும்பினால் அந்தக் குரலை அடைத்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். கண் தெரியாதவர்கள் நியூயார்க் வீதியில் நின்று கிளர்ச்சி செய்ய வேண்டியதாயிற்று. விலை கொடுத்து வாங்கின புஸ்தகத்தைக் காதால் கேட்பதற்கும் அனுமதிச்சீட்டு! 2025 பிப்ரவரியிலோ, வாங்கின புஸ்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கம்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றிக்கொள்ளும் வழியையும் அமேசான் அடைத்துவிட்டது. கலிபோர்னியா சர்க்கார் மாத்திரம் ஒரு காரியம் செய்தது: 2025 ஜனவரி முதல், இது சொந்தமாக வாங்குவது அல்ல, வெறும் அனுமதிதான் என்று விற்பவன் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போட்டது. "வாங்கு" என்று பொத்தானில் எழுதி வாடகைக்கு விடும் கபடத்திற்கு அந்த மட்டிலாவது ஒரு வெளிச்சம்.

சரி, பூட்டை உடைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சட்டம் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் 1998-இல் செய்த சட்டப்படி, சில விலக்குகள் போக, பூட்டை உடைப்பதே குற்றம். உடைக்கும் கருவியை விற்பதும் குற்றம். 2001 ஜூலையில் டிமிட்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய இளைஞர், அடோபி மின்புத்தகப் பூட்டு எவ்வளவு பலவீனமானது என்று லாஸ் வேகாஸ் நகரில் பிரசங்கம் செய்யப் போனார். ஊர் திரும்புமுன் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் கம்பெனி செய்த மென்பொருள் அவர் தேசத்தில் குற்றமல்ல. ஜனங்கள் கிளர்ச்சி செய்ததன்பேரில் அடோபி கம்பெனியே பின்வாங்கியது. ஆனாலும் சர்க்கார் விடவில்லை. கடைசியில் 2002 டிசம்பரில் ஜூரிகள் அவர் கம்பெனியைக் குற்றமற்றது என்று விடுதலை செய்தார்கள். நம் தேசத்தில் 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் 65-ஏ பிரிவில் இரண்டு வருஷம் வரை தண்டனை சொல்லுகிறது. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்று அதில் இருக்கிறது. அந்த வரையில் அமெரிக்கச் சட்டத்தைவிட நம் சட்டத்தில் கொஞ்சம் விவேகம் தெரிகிறது என்றே சொல்லுவோம்.

இதோ ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "பூட்டே இல்லாமல் விற்றால் ஒருவன் வாங்கி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட மாட்டானா?" அனுப்புவான் தோழரே, சிலர் அனுப்பத்தான் செய்வார்கள். பூட்டி விற்றாலும் அனுப்புகிறார்கள் என்று முன்னமே சொன்னோம். அதற்கு ஒரு நடுவழி உண்டு. ஹாரி பாட்டரை 2012-இல் ஆசிரியையின் சொந்தக் கடையில் விற்றபோது பூட்டுப் போடாமல், வாங்கினவனை அடையாளம் காட்டும் குறியை மாத்திரம் உள்ளே பதித்தார்கள். அந்தக் கடைக்கு இருந்த செல்வாக்கில் அமேசானே தன் வாடிக்கைக்காரர்களை அங்கே அனுப்பிவைத்தது! லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள வெர்ஸோ என்ற பிரசுரமும் இதே மாதிரி குறி போட்டு நேராக விற்கிறது. வாத்தியார் பையன் தன் பேர் எழுதின புஸ்தகத்தை நண்பனுக்குக் கொடுப்பான், சந்தையில் வீசமாட்டான். அந்தக் குறியையும் அழிக்கத் தெரிந்தவன் அழித்துவிடுவான் என்பது உண்மைதான். ஆனால் அது வாங்கினவனைப் படிக்கவிடாமல் தடுப்பதில்லை, பிரசுரகர்த்தரை எவன் வாசலிலும் நிறுத்துவதுமில்லை. நமக்கு அது சம்மதமே.

மற்றொரு சீட்டு: "பெரிய கம்பெனிகள் சண்டையில் நமக்கென்ன?" நல்ல கேள்வி. ஹாஷெட்டுக்குக் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. ஆறு மாதம் சண்டை போட்டுத் தாங்கிக்கொண்டது. இந்த மாதிரி வாசகசாலைகளை நம்பி ஐந்நூறு பிரதி போடுகிற ஒருவர், ஊராருக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தை எழுதிவிட்டார் என்று வையுங்கள். ஒரே கடை, அந்தக் கடையில் ஒரு பொத்தான், அதை எடுத்துவிட்டால் அவர் கதி என்ன? ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார். வாசகர்களின் விலாசம்கூட அவரிடம் இருக்காது. அதுவும் கடைக்காரனிடம்தான் இருக்கும். நேராக விற்கிறவரிடம் குறைந்தபட்சம் அந்த விலாசப் புஸ்தகமாவது மிஞ்சும்.

கடைசிச் சீட்டு, நம் வாசகசாலைக் காரியதரிசி எழுதியது: "பூட்டு உண்டா இல்லையா என்று வாங்குமுன் எப்படித் தெரிந்துகொள்வது?" பிரசுரகர்த்தரின் சொந்தக் கடையானால், ஈபப் கோப்பாகவோ பி.டி.எப். கோப்பாகவோ நேராகக் கிடைக்குமா, அல்லது அடோபி மென்பொருள் வேண்டுமா என்று பாருங்கள். அடோபி வேண்டும் என்றால் பூட்டு இருக்கிறது. கிண்டில் கடையில் டோர் போன்றவர்களுடைய புஸ்தகங்களின் விவரத்தில், பிரசுரகர்த்தர் கேட்டுக்கொண்டபடி இது பூட்டில்லாமல் விற்கப்படுகிறது என்று ஒரு வரி போட்டிருப்பதுண்டு. அந்த வரி இல்லாவிட்டால், வாங்குமுன் பிரசுரகர்த்தருக்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அதை வாசகசாலைப் பலகையில் ஒட்டிவையுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதி ஒட்டுங்கள்.